முதுகு நோவுக்காரன் கொழும்பில் பைக் மாற்றப் போன கதை

பைக் மாற்றப் போகிறேன் என்று வாயைத் திறந்தால் போதும், கொழும்பில் ஆளுக்கொரு ஆலோசனை வரும். லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும், பார்ட்ஸ் கிடைக்குமா, நாளைக்கு விற்றால் விலை போகுமா. இதற்கு மேல் பேச்சு நகராது. அதில் ஏறி ஒரு மணித்தியாலம் ஓடிவிட்டு இறங்கினால் இடுப்பு நிமிருமா, கை விறைக்குமா, பின்னால் இருக்கிற மனுசி என்ன பாடுபடுவா என்றெல்லாம் எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. மாதக் கணக்கில் தனியாக அலைந்தேன். இருபத்தையாயிரம் ரூபா அட்வான்ஸ் போனது. பிசியோதெரபிக்கும், பைக் பார்க்கக் கூட்டிக்கொண்டு போன மெக்கானிக் பாஸ்மாருக்கும், வாடகைக்கும் கொடுத்ததைச் சேர்த்தால் அறுபதாயிரத்துக்கு மேல் கரைந்திருக்கும். முதுகு, கழுத்து, மணிக்கட்டு என்று ஏதாவது ஒன்று முனகத் தொடங்குகிற வயதில் பைக் மாற்ற நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இருபது வயதுத் தம்பிமார் எதில் ஏறினாலும் ஓடுவார்கள். அவர்கள் விலையை மட்டும் பார்த்து வாங்கிக்கொள்ளலாம்.

நான் ஒரு மருந்துக் கம்பனியில் ரெப். வீடு வெள்ளவத்தையில், கடல் பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில். தெஹிவளையில் இருந்து வத்தளை வரைக்கும் பார்மசி பார்மசியாக ஏறி இறங்குவதுதான் பிழைப்பு. 2012இல் எடுத்த பஜாஜ் சீ.டி. 100தான் இவ்வளவு காலமும் சோறு போட்டது. 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூ.ஆர். முறை வந்து பைக்குக்கு வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோல் என்று அளந்து தந்த நாட்களில், அந்த 4 லீற்றருக்குள் வேலையை ஒப்பேற்றிக் கொடுத்தது அது. பெரிய பைக் வைத்திருந்த கூட்டாளிகள் வாரத்தின் பாதியிலேயே பஸ்ஸுக்கு நின்றார்கள். அதனால் அந்த பைக்கைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் 2024 நடுப்பகுதியில் இடுப்பில் இருந்து வலது கால் வரை சுண்டி இழுக்கத் தொடங்கியது. ஸ்கேன் எடுத்தால், முள்ளந்தண்டில் எல்4 எலும்புக்கும் எல்5 எலும்புக்கும் இடையில் உள்ள தட்டு கொஞ்சம் வெளியே தள்ளியிருக்கிறது என்றார்கள். "பைக்கை விடச் சொன்னா விடுவீங்களா?" என்று கேட்டார் டொக்டர். வேலையே அதில்தான் என்றேன். "அப்ப நிமிர்ந்திருந்து ஓடக்கூடினதாப் பாத்து மாத்துங்கோ. பள்ளம் வந்தா சீட்டில இருந்து எழும்பக்கூடினதா இருக்கோணும்" என்றார். முதல் வசனத்தைத்தான் அன்று காதில் வாங்கினேன். இரண்டாவதன் பெறுமதி பிறகு ரோட்டில் தெரிந்தது.

நான் தேடத் தொடங்கிய நேரமும் சரியில்லை. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி அப்போதும் திறக்கவில்லை. 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். அதுவரை சந்தையில் இருந்ததெல்லாம் பழையதுதான். 2019இல் புதிதாக எடுத்த விலையைவிடக் கூடின விலைக்கு, ஐந்தாறு வருடம் ஓடிய பைக்கை விற்றுக்கொண்டிருந்தார்கள். அப்படிப்பட்ட சந்தையில் விற்கிறவன்தான் ராசா. ஓடிப் பார்க்கலாமா என்று கேட்டால், பொம்பிளை பார்க்க வந்தவன் சீதனக் கணக்கை முதல் கேட்ட மாதிரி ஒரு பார்வை. "முழுக் காசும் கையில இருக்கா?" என்பது முதல் கேள்வி. இருக்கிறது என்றால் சாவி வரும். அதுவும் "உந்த முடக்கு வரைக்கும் போயிட்டு வாங்க" என்ற அளவுக்குத்தான். முடக்கு வரைக்கும் போய் வந்தால் மெசின் சத்தம் தெரியும், கியர் விழுகிறதா தெரியும், பிரேக் பிடிக்கிறதா தெரியும். முதுகுக்கு ஒன்றும் தெரியாது. புது சீட்டில் ஐந்து நிமிடம் இருந்தால் எல்லா பைக்கும் சொகுசுதான். நோவு எனக்கு எப்போதும் அரை மணித்தியாலத்துக்குப் பிறகுதான் வரும். சைக்கிளில் இருந்து பைக்குக்கு மாறுகிறவருக்கு அந்த ஐந்து நிமிடம் போதும். நோவில் இருந்து தப்ப மாறுகிறவருக்கு அது காணவே காணாது.

அந்த இருபத்தையாயிரம் போனதும் இந்த ஐந்து நிமிடத்தால்தான். பழைய பைக் வாங்கி விற்கிற ஓர் இடம், பெயர் வேண்டாம். அங்கே அட்வான்ஸ் வைக்காமல் சாவியே தருவதில்லை, அது அவர்களுடைய சட்டம். ஒரு பல்சர் 150 நின்றது, பளபளவென்று. காசை வைத்தேன். கேட்டுக்கு முன்னால் உள்ள சின்ன ரோட்டில் ஒரு சுற்றுச் சுற்ற விட்டார்கள். இரண்டாம் கியருக்கு மேல் போட இடமில்லை. நான் போனபோதே மெசின் சூடாக இருந்தது. இது முக்கியம்: பழைய பைக் பார்க்கப் போனால் சாவியைக் கேட்க முதல் மெசினில் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வர முன்னமே ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள். ஆறும் வரை நின்று, குளிர்ந்த மெசினை நீங்களே ஸ்டார்ட் பண்ண வேண்டும். அடுத்த முறை தெமட்டகொடைப் பக்கத்து பாஸ் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய், கொஞ்சம் கெஞ்சி, பெரிய ரோட்டுக்கு எடுத்தோம். ஐம்பதில் போகும்போது கையை இலேசாக விட்டால் பைக் இடது பக்கம் சாய்கிறது. பாஸ் குந்தியிருந்து ஹாண்டிலை இரண்டு பக்கமும் முட்டும் வரை திருப்பினார். ஹாண்டில் போய் இடிக்கிற அந்தச் சின்ன இரும்பு முனை ஒரு பக்கம் நசுங்கி, அதற்கு மேல் கறுப்புப் பெயின்ற் பூசியிருந்தது. நகத்தால் சுரண்டிக் காட்டினார். முன்பக்கம் எங்கேயோ நன்றாக மோதிய பைக். ஃபோர்க்கை நிமிர்த்தியிருக்கிறார்கள், சரியாக நிமிரவில்லை.

வேண்டாம் என்றேன். காசு திரும்பாது, வேறு பைக் ஒன்று எடுங்கள் என்றார்கள். என்னிடம் இருந்த அத்தாட்சி, விசிட்டிங் கார்ட் ஒன்றின் பின்பக்கம் எழுதிய தொகையும் ஒரு கிறுக்கலும்தான். அன்று வந்த கோபத்துக்கு பாஸ்தான் என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். கோபத்தைவிட அவமானம் கூட. வீட்டில் சொல்ல இரண்டு கிழமை ஆனது. ஆகவே, அட்வான்ஸ் இல்லாமல் சாவி தர மாட்டோம் என்கிற இடத்தில் பைக் பிடித்தே விட்டால், காசைக் கொடுக்க முதல் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். பைக் இலக்கம், செசி இலக்கம், திகதி, காசை வாங்குகிறவரின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும், கூடவே 'ஓடிப் பார்த்து, பாஸ் பார்த்த பின் வேண்டாம் என்றால் முழுத் தொகையும் திருப்பித் தரப்படும்' என்று ஒரு வரி. அந்த வரியை எழுத மறுத்தால் அங்கேயே பதில் கிடைத்துவிட்டது, திரும்பி வந்துவிடலாம். தாள் கையில் இருந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடப் போகலாம். விசிட்டிங் கார்ட்டை வைத்துக்கொண்டு எங்கேயும் போக முடியாது.

இதோடு ஒட்டிய இன்னும் இரண்டு விசயம். அடையாள அட்டையை அடகு மாதிரி வாங்கி வைத்துக்கொண்டு சாவி தருகிறவர்கள் இருக்கிறார்கள். போட்டோ கொப்பி மட்டும் கொடுங்கள், லைசன்ஸ் எப்படியும் உங்கள் பொக்கெற்றில் இருக்க வேண்டும். அந்த லைசன்ஸில் ஏ1 மட்டும்தான் இருக்கிறதா, ஏ இருக்கிறதா என்றும் திருப்பிப் பாருங்கள். ஏ1 என்றால் 100 சீ.சீ. வரைக்கும்தான். என்னைப் போல சீ.டி. 100, ஸ்கூட்டி என்று காலத்தை ஓட்டியவர்களில் சிலருக்கு இது தெரியாது. 150இல் ஏறிய நிமிடத்தில் இருந்து அவர்கள் லைசன்ஸ் இல்லாமல் ஓடுகிறவர்கள். அதோடு அடுத்தவரின் பைக்குக்கு மூன்றாந் தரப்பு இன்சூரன்ஸ் மட்டும்தான் என்றால், நீங்கள் விழுந்து பைக் உடைந்தால் ஒருவரும் தர மாட்டார்கள். சாவி வாங்க முதல் "ஏதும் நடந்தா எப்பிடி?" என்று வாய் விட்டுக் கேட்டுவிடுவது நல்லது. கேட்கும்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும்.

அட்வான்ஸ் போன பிறகு கொஞ்ச நாள் எதையும் பார்க்கவில்லை. பிசியோதெரபி நடந்துகொண்டிருந்தது, ஒரு தடவைக்கு 3,500 ரூபா. பிறகு, விற்கிறவர்களிடம் ஓடிக் கேட்பதை விட்டுவிட்டு, முதலில் எந்த வகை பைக் என் உடம்புக்குச் சரிவரும் என்பதை வேறு வழிகளில் பார்த்தேன். இதைத்தான் எல்லோருக்கும் சொல்வேன். வகையைத் தேடுவதும் பைக்கைத் தேடுவதும் இரண்டு வேலை. வகையைக் கண்டுபிடிக்க விற்கிறவனின் தயவு தேவையில்லை.

சொந்தக்காரப் பெடியன் ஒருத்தனிடம் பஜாஜ் அவெஞ்சர் இருந்தது. இவ்வளவு நாளும் என் மனதில் இருந்த பைக் அதுதான். சீட் உயரம் 737 மில்லிமீற்றர். ஐந்தடி நாலங்குல ஆளான எனக்கு இரண்டு காலும் பட்டென்று தரையில் பதியும். கால் முன்னுக்கு நீட்டி, ஹாண்டில் நெஞ்சுக்கு நேரே வந்து, சாய்மனைக் கதிரையில் இருக்கிற மாதிரி. மரைன் டிரைவில் கடல் காற்றோடு போகும்போது, முதுகு நோவு என்று ஒன்று இருந்ததா என்று யோசித்தேன். பிறகு ஒழுங்கைகளுக்குள் திருப்பினேன். பாமன்கடை, கிருலப்பனைப் பக்கம் போய் நாரஹேன்பிட்டி ரயில் கடவையைக் கடந்து வந்தேன். மேன்ஹோல் மூடி, ஸ்பீட் பிரேக்கர், குழாய் தோண்டி மூடிய தழும்பு, தண்டவாளம். ஒவ்வொன்றும் நேரே வால் எலும்பில் வந்து இறங்கியது. அப்போதுதான் டொக்டரின் இரண்டாவது வசனம் விளங்கியது. கால் முன்னுக்கு இருந்தால் பள்ளம் வரும்போது ஃபுட்ரெஸ்டை மிதித்து எழும்ப முடியாது. முழு நிறையும் சீட்டில், சீட்டில் இருந்து முள்ளந்தண்டில். கால் உடம்புக்கு நேர் கீழே, அல்லது ஒரு துளி பின்னால் இருந்தால்தான் முழங்கால் மடிந்து அடியைத் தாங்கும். அடுத்த நாள் காலை சப்பாத்து நூலைக் கட்ட என்னால் குனிய முடியவில்லை. நல்ல ரோட்டில் நீளப் பயணம் போகிறவர்களுக்கு அவெஞ்சர் நல்ல பைக் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கொழும்பு ஒழுங்கைகளில், நோகிற இடுப்போடு, எனக்கு அது சரிவராது.

ஸ்கூட்டிக்கும் இதே கணக்குத்தான். மனைவிக்கு டியோ ஒன்று வாங்கினால் இரண்டு பேரும் பாவிக்கலாம் என்று ஆசை. ஆனால் அதிலும் கால் பலகையில் முன்னால்தான் இருக்கும், எழும்ப முடியாது. போதாக்குறைக்கு நான் பார்த்த பழைய மாடலில் சில்லு 10 அங்குலம்; பைக்கின் 17 அங்குலச் சில்லு உருண்டு தாண்டுகிற பள்ளத்துக்குள் இது இறங்கி ஏறும்.

பல்சரில் வேறு மாதிரி. கால் சரியான இடத்தில் இருந்தது. ஆனால் ஹாண்டில் இரண்டு துண்டாக, பதிந்து இருக்கும், உடம்பு கொஞ்சம் முன்னுக்குச் சாயும். வேகமாகப் போனால் எதிர்க்காற்று நெஞ்சைத் தாங்கிப் பிடிக்கும், கைக்குப் பாரம் வராது. காலி வீதியில் மாலை நேரம் பதினைந்தில் ஊர்ந்தால் காற்று எங்கே? மேல் உடம்பின் நிறை முழுக்க மணிக்கட்டில் விழும். கிளட்சை அமத்தி அமத்தி விடுகிற இடது கைக்கு இன்னும் மோசம். ஆகவே விற்கிறவர் "அண்ணை, எண்பதில போய்ப் பாருங்க, சும்மா பறக்கும்" என்றால் தலையை ஆட்டிவிட்டு, நெரிசலுக்குள் விடுங்கள். நீங்கள் வருடம் முழுக்க ஓடப்போவது அங்கேதான்.

நண்பன் ஒருவனின் ரோயல் என்ஃபீல்ட் கிளாசிக் 350 மட்டும் கொஞ்சம் ஏங்க வைத்தது. நிமிர்ந்த இருப்பு, அகலமான சீட், அவசரப்படுத்தாத மெசின். ஆனால் 195 கிலோ, சீட் உயரம் 805 மில்லிமீற்றர், எனக்கு நுனிக்கால்தான் எட்டும். ஓடும்போது பிரச்சினையில்லை. எங்கள் ஒழுங்கையில், பக்கத்து வீட்டுக் காருக்கும் மதிலுக்கும் இடையில் இருந்து அதைப் பின்னுக்குத் தள்ளி எடுக்க வேண்டி வந்தபோது, தட்டு விலகிய இடுப்பு உடனே பதில் சொன்னது. ஒரு நாளைக்கு எத்தனை பார்மசிக்கு முன்னால் நிறுத்தி, உருட்டி, திருப்பி எடுக்கிறேன். அதையெல்லாம் சேர்த்துத்தான் சொகுசைப் பார்க்க வேண்டும். டெஸ்ட் ரைட் என்று போனால் ஓடுவதோடு நிறுத்தாமல், மெசினை நிறுத்தி வைத்துவிட்டு பத்தடி பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள், நடு ஸ்டாண்ட் இருந்தால் தூக்கிப் போட்டுப் பாருங்கள், ஒடுங்கின இடத்தில் கால் ஊன்றாமல் திருப்ப முடிகிறதா என்று பாருங்கள்.

இனிச் சொல்லப்போவது ஒருவரும் சொல்லித் தராமல், தற்செயலாகக் கிடைத்த வழி. சீ.டி. கராஜில் நின்ற நாட்களில் பிக்மீ பைக், ஊபர் மோட்டோ என்று பின்னால் ஏறித் திரிந்தேன். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பைக். பின் சீட்டில் இருந்தே அந்த பைக்கின் பின் ஷொக் எப்படி, சீட் எப்படி என்று தெரிந்துவிடும். அதோடு ஓடுகிறவர் காலையில் இருந்து இரவு வரை அதிலேயே இருக்கிற ஆள். அவரைவிட அந்த பைக்கின் சீட்டைப் பற்றிச் சொல்லத் தகுதியானவர் யார்? காலி வீதிச் சாப்பாட்டுக் கடைகளுக்கு முன்னால் பார்சலுக்குக் காத்து நிற்கிற டெலிவரிப் பெடியன்களிடமும் கதை கொடுத்தேன். மைலேஜைக் கேட்காமல், "எத்தின மணிக்குப் பிறகு நோகும், எங்க நோகும்?" என்று கேட்டேன். உடனே மனம் விட்டுப் பேசினார்கள். ஹட்டன் பக்கத்துத் தம்பி ஒருவன் சொன்னது: "அண்ணே, பைக்க மாத்துறதுக்கு மொதல்ல சீட்ட மாத்துங்க. கம்பனி பஞ்சு ஒரு வருசத்துல உக்காந்துரும். அப்புறம் நீங்க தகரத்து மேலதான் உக்காந்திருக்கீங்க." தன் சீட்டை விரலால் அமத்திக் காட்டினான். விரலை எடுத்ததும் மெல்ல மேலே வந்தது. என் சீ.டி.யில் அமத்தினேன்; அமத்த ஒன்றும் இருக்கவில்லை.

மனைவி விசயத்துக்கும் இதே வழிதான் உதவியது. பம்பலப்பிட்டியில் ஆசிரியை, சேலையோடு ஒரு பக்கமாகத்தான் இருப்பா. கடைக்காரரிடம் "மனுசியையும் ஏத்திப் பாக்கலாமா?" என்று கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் தெரிந்தவர்களின் பைக்குகளில், நிறுத்தி வைத்த நிலையிலேயே ஏறி இருந்து பார்த்தா. இரண்டு துண்டு சீட் உள்ள பைக்குகளில் பின் துண்டு உயரமாக, சின்னதாக இருந்தது. "இதில இருந்தா நான் உங்கட தலைக்கு மேலால ரோட்டைப் பாக்கோணும். பிரேக் அடிச்சா உங்கட முதுகிலதான் வந்து விழுவன்" என்றா. அவ விழுந்தால் அந்த நிறையும் என் மணிக்கட்டுக்குத்தான் வரும். நீளமாக ஒரே சீட், இடது பக்கம் கால் வைக்க இடம், பிடிக்க ஒரு கம்பி. பின்னால் ஆள் வசதியாக இருந்தால்தான் முன்னால் இருக்கிறவருக்கும் வசதி.

இப்படி வடிகட்டி, ஒரே நீள ஹாண்டில் உள்ள, 140 கிலோவுக்கு உட்பட்ட 150 ஒன்று என்று வந்து நின்றேன். யமஹா எஃப்.இசட்.எஸ். வீ3 கண்ணில் பட்டது. சீட் உயரம் 790, ஒரே சீட், கால் சரியான இடத்தில். நீர்கொழும்பில் வெளிநாட்டுக்காரருக்கு பைக் வாடகைக்கு விடுகிற ஓர் இடத்தில் ஒரு நாளைக்கு 4,000 ரூபாவுக்கு எஃப்.இசட். ஒன்றை எடுத்து, அன்றைய வேலை முழுவதையும் அதிலேயே செய்தேன். என் பையோடு, என் ஹெல்மெட்டோடு, என் பார்மசிகளுக்கு. நான் போட்ட காசிலேயே உருப்படியான காசு அதுதான். ஒரு நாள் வாடகை கூடினதாகத் தெரிந்தாலும், பிடிக்காத பைக்கை வாங்கி ஆறு மாதத்தில் ஐம்பதாயிரம் நட்டத்துக்கு விற்பதோடு பார்த்தால் ஒன்றுமில்லை. அன்று இரவு எந்த முடிவும் எடுக்கவில்லை. ஓடி முடித்த உற்சாகத்தில் உடம்பு பொய் சொல்லும். அடுத்த நாள் காலை கட்டிலை விட்டு இறங்கும்போது இடுப்பு என்ன சொல்கிறதோ, அதுதான் ரிசல்ட். கொஞ்சம் இறுக்கமாக இருந்தது, அவ்வளவுதான். கால் இழுக்கவில்லை.

பிறகுதான் விற்பனைக்கு இருந்த பைக்கைத் தேடினேன். தெஹிவளையில் அரச உத்தியோகத்தர் ஒருவர், ஒரே ஓனர். அவரிடம் நேராகவே சொன்னேன்: "ஐயா, எனக்கு முதுகு வருத்தம். முக்கால் மணித்தியாலம் ஓடாமல் என்னால முடிவு சொல்ல ஏலாது. என்ர பைக்கையும் புத்தகத்தையும் இங்க வைக்கிறன். நீங்களும் பின்னால ஏறுங்கோ." சிரித்துவிட்டு ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வந்து ஏறினார். விற்கிற ஆளையே பின்னால் ஏற்றிக்கொண்டு போனால் அவருக்கும் பயமில்லை, பின் பாரத்தோடு பைக் எப்படி என்றும் தெரிந்துவிடும். பழைய பைக் விற்கிற யார்ட்காரர்கள் வரமாட்டார்கள், வீட்டு ஆட்கள் பெரும்பாலும் வருவார்கள்.

ஆனால் ஓடத் தொடங்கியதும் மனம் விழுந்துவிட்டது. வாடகைக்கு எடுத்த எஃப்.இசட்.டைவிட இது பலகை மாதிரி இடித்தது. திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். கேட்டுப் பார்த்தால், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்று நாலு பேராக ஓடியிருக்கிறார், அதற்காகப் பின் ஷொக்கைக் கடைசிப் படி வரை இறுக்கி வைத்திருக்கிறார். ரயரிலும் காற்று அளவுக்கு மேல். வழியில் ஒரு ரயர் கடையில் நிறுத்தி, பைக்கில் ஒட்டியிருந்த அளவுக்குக் காற்றைக் குறைத்தோம். கடைக்காரர் கொக்கி மாதிரி வளைந்த ஸ்பானரைப் போட்டு, ஷொக்குக்குக் கீழே உள்ள பல் வளையத்தை டக், டக் என்று சில படி பின்னால் விட்டார். நூறு ரூபா கொடுத்தேன். அதே ஸ்பீட் பிரேக்கரைத் திரும்பவும் கடந்தால் வேறு பைக். இந்த ஒரு விசயம் தெரியாமல் எத்தனை பேர் நல்ல பைக்கை வேண்டாம் என்று விட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். இடிக்கிறது என்றால் காற்றையும் ஷொக்கையும் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். பஞ்சு மாதிரி மெத்தென்று இருந்தாலும் பாருங்கள். காற்றுக் குறைந்த ரயரும் தேய்ந்த ஷொக்கும் முதல் பத்து நிமிடம் சொகுசாகத்தான் இருக்கும்.

பேப்பர் வேலையைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். சீ.ஆர். என்கிற பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருக்கிறதா பாருங்கள். செசி, மெசின் இலக்கங்களை நேரில் ஒப்பிடுங்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையச் சேவையில் சிறு கட்டணத்துக்கு வாகன விவரம் எடுக்கலாம். ஓப்பன் பேப்பரில், அதாவது விற்றவரின் கையெழுத்தோடு மட்டும் வாங்கி, உங்கள் பெயருக்கு மாற்றாமல் வைத்திருக்காதீர்கள்.

வாங்கிய பிறகு மூன்று வேலை செய்தேன். பஞ்சிகாவத்தைப் பக்கம் குஷன் வேலை செய்கிற ஒருவரிடம் சீட்டைக் கொடுத்து, முன்பகுதிப் பஞ்சை அடர்த்தியான பஞ்சாக மாற்றினேன். மெத்தென்ற பஞ்சு வேண்டாம், இறுக்கமானது போடுங்கள் என்று சொல்ல வேண்டும். மெத்தென்று இருப்பது சீக்கிரம் பதிந்துவிடும். 4,500 ரூபா. கிளட்ச், பிரேக் லீவர்களைத் தளர்த்தி, முன்கையும் மணிக்கட்டும் ஒரே கோட்டில் வரும் வரை கொஞ்சம் கீழே திருப்பினேன். இதற்கு ஒரு ஸ்பானரும் பத்து நிமிடமும்தான். கை விறைப்பு பாதிக்கு மேல் குறைந்தது. ஹாண்டிலையும் ஒரு துளி என் பக்கம் சாய்த்தேன். இந்த மூன்றையும் இப்போது நீங்கள் ஓடுகிற பழைய பைக்கிலேயே முதலில் செய்து பாருங்கள், பின் ஷொக் தேய்ந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். பைக் மாற்றுகிற செலவில் சின்னப் பங்கு கூட வராது. அதற்குப் பிறகும் நோகிறது என்றால் தேடத் தொடங்கலாம்.

இப்போது நோவு முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். வத்தளைக்குப் போய் வருகிற நாளில் மாலையில் இடுப்பு இறுகும், பிசியோ சொல்லித் தந்த பயிற்சியை விட்டால் இரண்டு நாளில் காட்டிக் கொடுக்கும். மணித்தியாலத்துக்கு ஒரு தடவையாவது இறங்கி நிற்கிறேன், பார்மசி வேலை அதற்கு வசதி. பெற்றோல் செலவு சீ.டி.யை விடக் கூடத்தான். சீ.டி.யை விற்கவில்லை, தம்பி எடுத்துக்கொண்டு போனான். மனைவிக்கு இன்னும் ஒரு முறைப்பாடு இருக்கிறது, இடது பக்கம் கால் வைக்கிற கம்பி அவவுக்குக் கொஞ்சம் உயரம். ஒட்டுகிறேன் என்று ஒரு கராஜில் வெல்டிங் மெசினை எடுத்தார்கள், வேண்டாம் என்று வந்துவிட்டேன். போல்ட் போட்டு இறக்கி மாட்டுகிற மாதிரி ஒன்று இருக்கிறதாம், சனிக்கிழமை போய்ப் பார்க்க வேண்டும்.